ஏழால் வகுபடும், மாப்ளே

அன்புள்ள இசக்கி மாப்ளே,

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. ஐந்தருவிப் பக்கத்து உன் துண்டு, எண்ணெய்க் கடையை இப்போது உன் அக்காதான் திறக்கிறாள். நெஞ்சுவலியில் நீ போன பிறகு வரும் முதல் சீசன் இது. நல்ல கூட்டம். எனக்குத்தான் அந்தப் பக்கம் வர முகமில்லை.

அருவி வற்றிக் கிடந்த பங்குனியில் ஒரு மத்தியானம் தென்காசி வீட்டுக்கு வந்தாயே, நினைவிருக்கிறதா? நான் மாதிரித் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். காலண்டர் தாளின் பின்பக்கத்தை நீட்டினாய். அதில் 3816547290 என்று எழுதியிருந்தது.

"யார் போன் நம்பர்லே இது? எந்தூர்ப் புள்ள?" என்று சிரித்தேன்.

நீ சிரிக்கவில்லை. "இல்ல அத்தான், பூஜ்யத்துலேருந்து ஒம்பது வரை எல்லாம் ஒரு தடவதான் வருது. மொத ரெண்டு இலக்கம் முப்பத்தெட்டு, ரெண்டால வகுபடும். மொத மூணு இலக்கம் முந்நூத்தி எம்பத்தொண்ணு, மூணால வகுபடும். இப்படியே பத்து வரை போகுது. ஏழு இலக்கத்த மட்டும் ஒருக்கப் பாத்துச் சொல்லுங்க. அங்கனதான் எனக்குப் பயமா இருக்கு" என்றாய்.

இருபது வருடமாகப் பள்ளியில் கணக்கு நடத்துகிறவன் நான். நீ பிளஸ் டூவில் அதே கணக்கில் கோட்டை விட்டவன். நான் யோசித்தே பார்க்காத ஒன்றை நீ கொண்டுவந்தது எனக்குப் பொறுக்கவில்லை. பொறாமைதான், வேறென்ன? பேனாவைத் தாளில் வைக்காமலே, "ஏழுல மீதி வருதுடே, போய் வேலையப் பாரு" என்றேன். நீ தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாய். காப்பிகூடக் குடிக்காமல் போனாய்.

போன வாரம் கடையில் ஷாம்பு அட்டைக்குப் பின்னால் கிடைத்தது என்று உன் அக்கா உன் நோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பதினோரு பக்கம், மாப்ளே! ஒவ்வொன்றிலும் அதே 3816547-ஐ ஏழால் வகுத்திருக்கிறாய். எல்லாவற்றிலும் ஈவு 545221, மீதி பூஜ்யம். கடைசிப் பக்கத்தின் அடியில், "அத்தான் தப்பாச் சொல்ல மாட்டாக. நாந்தான் எங்கனயோ கோட்ட விடுதேன்" என்று எழுதியிருக்கிறாய்.

அதற்குப் பிறகுதான் நான் வகுத்துப் பார்த்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. புத்தகங்களையும் புரட்டினேன். பத்து இலக்கமும் ஒரு தடவை மட்டும் வந்து இப்படி அமைவது இந்த ஒரே எண்தானாம். வேறு யாரோ முன்பே கண்டிருக்கிறார்கள். அதனால் என்ன? நீ யாரையும் கேட்காமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்த கடையில் உட்கார்ந்து கண்டுபிடித்தாய். எத்தனை நாள் ஆனது என்றாவது நான் கேட்டிருக்கலாம் இல்லையா?

"இது என்ன கணக்குங்க? உங்ககிட்ட காட்டுனானா?" என்று நோட்டைக் கொண்டுவந்த அன்றே உன் அக்கா கேட்டிருந்தாள்.

"காட்டலியே" என்றேன். ஒரே எண்ணுக்கு இரண்டாவது பொய்.

நாளைக் காலை கடைக்கு வருகிறேன். அவளை உட்காரவைத்து, அன்றைக்கு நான் சொன்னதை அப்படியே சொல்லிவிடுவேன். அவள் என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். பிறகு அவள் பார்க்க, உன் நோட்டின் கடைசி வகுத்தலுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு சரி போட்டுக் கையெழுத்து வைக்கிறேன்.

தப்பாகச் சொன்ன
உன் அத்தான்