மன்னவனூர்க்காரர்கள் உன்னைக் கேட்கிறார்கள்

இன்று காலை மன்னவனூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் டிரங்குப் பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த ஸ்வெட்டரைப் போட்டிருந்தார். அந்துருண்டை வாசனை. எழுந்து வேறு இடத்துக்குப் போனேன். கொஞ்ச நேரம் கழித்து அதே இடத்துக்குத் திரும்பி வந்தேன்.

உன் சட்டை, கைக்குட்டை, நீ குடித்த டீ டம்ளர் வரைக்கும் அந்த வாசனைதான் அடிக்கும். அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்த பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் நீ காவல். அடுத்த அறையில் நான் ஆராய்ச்சித் திட்டங்களுக்கு மனுவும் அறிக்கையும் டைப் அடித்துக்கொண்டிருப்பேன். எலக்ட்ரானிக்ஸ் படித்தவனுக்கு இதுவா சோலி என்று தினமும் எரிச்சல். அதையும் உன்மேல்தான் காட்டுவேன்.

ஒரு தடவை இதே பஸ்ஸில் பாடம் செய்த கருங்குரங்கை மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். கண்டக்டர் நின்று பார்த்தார்.

"ஏங்க, இவருக்கு டிக்கெட்டு?"

"அரை டிக்கெட் போடுங்க. இன்னும் பள்ளிக்கூடத்துல சேக்கல" என்றாய்.

பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஊரில் இறங்கியதும் ஓர் அம்மா, "செத்த காலேஜ்லருந்தா வர்றீங்க?" என்று கேட்டார். மெட்ராஸில் மியூசியத்தை அப்படித்தான் சொல்வார்களாம். எனக்குக் கோபம். நீயோ, "ஆமாங்கம்மா, அங்க நாங்க ரெண்டு பேரு மட்டுந்தான் உசுரோட கெடக்கோம்" என்றாய்.

சோலைக் காட்டைப் பற்றிப் பேசத்தான் போனோம். நீ உருளைக்கிழங்கு விலை பேசினாய், ஆட்டுக்கு வந்த சீக்கு பேசினாய், யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ பந்தல் பேசினாய். திரும்பும்போது, "எப்படா விஷயத்துக்கு வருவ? அறிக்கையில என்னத்த எழுத?" என்று கத்தினேன்.

"மழை நல்லாருந்துச்சுன்னு எழுது" என்றாய்.

காய்ச்சலென்று மலையிலிருந்து பாலசமுத்திரத்துக்கு, உன் வீட்டுக்கு இறங்கினாய். "வெரசா வந்து சேரு, வேலை கெடக்கு" என்றேன். தந்திதான் வந்தது.

இப்போது மன்னவனூருக்கு மேலே, ஓடை பிறக்கிற சரிவை, தண்ணீரை உறிஞ்சும் வாட்டில் மரம் வளர்க்க ஒரு குத்தகைக்காரர் கேட்கிறார். ஊரார் வேண்டாமென்று கையெழுத்துப் போட்டால் அங்கே நாம் வளர்த்து வைத்த சோலை மரக் கன்றுகளை நடலாம். போடாவிட்டால் சரிவு போகும், பின்னாலேயே ஓடைத் தண்ணீரும் போகும். இந்த வாரத்துக்குள் வேண்டும். அதற்காகத்தான் இன்று போனேன். நீரோட்டக் கணக்கு, வரைபடம், எல்லாவற்றையும் விரித்தேன். ஒருவரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"அந்தத் தம்பி வந்து சொல்லட்டும், போடறோம்" என்றார் அதே அம்மா.

சேதி அவர்களுக்கு எட்டவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. "அவன்தான் என்னை அனுப்பினான்" என்று சொல்லியிருந்தால் அங்கேயே கையெழுத்து விழுந்திருக்கும். நாக்கு நுனி வரை வந்தது.

"அவன் செத்துட்டான்" என்றேன். எனக்கு அப்படித்தான் வரும்.

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒருவர் வரைபடத்தை மடித்து என் கையில் கொடுத்தார். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றார்கள். ஏறப் போகையில் அந்த அம்மா பின்னாலேயே வந்தார்.

"கன்னு நட்டா பத்து வருசமாச்சும் பாக்கணும்னு அந்தத் தம்பி சொன்னாரு. நீங்க இருப்பீங்களா?"

பெங்களூர் கம்பெனி வேலைக்கு மனுப் போட்டிருக்கிறேன், உனக்குத் தெரியும்.

"தெரியலைங்க" என்றேன்.

வரைபடத்தை ஆபீஸில் வீசிவிட்டேன். அந்தக் கேள்வியை எங்கே இறக்கி வைப்பதென்று தெரியவில்லை. நீயாக இருந்தால் எதையாவது சொல்லி அவரைச் சிரிக்க வைத்திருப்பாய். எனக்கு அது வராது. நாளை வெள்ளனே முதல் பஸ்ஸில் மறுபடி போகிறேன். கையெழுத்துக் கேட்க இல்லை. அந்த அம்மாவுக்குப் பதில் சொல்லணும். என்ன பதிலென்று இந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியாதுடா.