கம்பி அப்படியே, துணி மட்டும்

மச்சான்,

மழையில் நனைந்த வாடகைக் கூடாரத் துணிகளை இன்று காலை கடைக்கு முன்னால் காயப்போட்டேன். அந்த ஈர வாடை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம். கெடா மாநிலம் முழுக்கக் கோயில், கல்யாண மண்டபம் என்று ஓடுகிற உன் இணையத்தளச் சட்டகம் இந்த வாடையில்தானே பிறந்தது? அதற்குத் தோற்றம் மாற்றும் வித்தையைச் சொன்னவன் ஆறாம் வகுப்போடு நின்ற நான்தான் என்று நம் ஊர் திகாம் பத்துவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர்களுக்குச் சொன்னதும் நானே.

என் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, ஊர்க்காரர்கள் இணையத்தளம் கட்டிக்கொள்ள அதை எழுதினாய். ஒரு கோயில் மஞ்சள் கேட்டால் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து நிறத்தைத் திருத்துவாய். எனக்குப் பொறுக்கவில்லை.

"கல்யாணத்துக்குச் சிவப்பு, சாவுக்கு வெள்ளைன்னு துணியத்தான் மாத்துறேன் மச்சான். கம்பியையா அறுக்குறேன்?"

வாயில் வைத்த தேநீரை நீ விழுங்க மறந்தாய். அன்றே நிறங்களையெல்லாம் தனிக் கோப்புகளுக்குக் கொண்டுபோனாய். தலைப்புக்கு என்ன நிறம் என்று பக்கம் கேட்கும். போட்டிருக்கும் தோற்றம் பதில் சொல்லும்.

ஆனால் எல்லாத் தளங்களுக்கும் தோற்றம் மாற்ற ஒரே விசையை வைத்துவிட்டாய். பாடாங் மேஹாவில் ஒரு சாவு அறிவிப்புக்காக நான் வெள்ளையை அமுக்க, அன்று கல்யாணம் நடந்த மண்டபத்தின் தளமும் வெளுத்தது. பெண்ணின் அம்மா கடைக்கே வந்து என் ஏழு தலைமுறையையும் இழுத்தார். நீ சிரித்துக்கொண்டே தளத்துக்கு ஒரு விசை வைத்தாய்.

இப்போது சட்டகத்தைப் பார்த்துக்கொள்ளும் அலோர் ஸ்டார் பையன்கள் அந்த விசையையே எடுக்கப் போகிறார்களாம். எல்லாருக்கும் ஒரே வெளிர்நீலம். போன வாரம் ஒருவன் கூப்பிட்டான்.

"பராமரிக்கக் கஷ்டமா இருக்கு லா, அங்கிள்."

"சாவு வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் ஒரே துணியா, தம்பி? முதல்ல உங்க வீட்டு விசேஷத்துல கட்டு. நான் வந்து பாக்குறேன்."

எல்லாத் தளங்களும் ஓடும் உன் கணினி இன்னும் என் பின்னறையில்தான் இருக்கிறது. அவர்களுடைய புதுப் பதிப்பை அதில் ஏற்ற விடமாட்டேன் என்று கோயில் தலைவர்களிடமும் சொல்லிவிட்டேன். ஏற்றினால் உன் பக்கமும் வெளிர்நீலமாகிவிடுமே.

நீ போன அன்று உன் அறிவிப்புக்கு வெள்ளையைப் போடச் சொன்னார்கள். உன் அக்காகூட அழுதுகொண்டே அதைத்தான் சொன்னாள். நான் கல்யாணச் சிவப்பை அமுக்கினேன். இன்றைக்கும் சிவப்பாகத்தான் திறக்கிறது, மச்சான். விசை என்னிடம்தான் இருக்கிறது.