மூடினால் நின்றுவிடும் கார்

சண்டைக்காரா, என் தங்கை வீட்டுக்காரா, சகாயம் மாப்பிள்ளை,

கார் ஓடுகிறது! இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். கிருஷ்ணகிரி பைபாஸ் பக்கத்து கேம் ஹாலில் உன்னையும் என்னையும் மாற்றி மாற்றி முட்டாளாக்கிய அந்தச் சிவப்பு கார் ரேஸ் மிஷின், இப்போது காலையில் போட்டால் ஹால் மூடும்வரை ஒரு தடவைகூட நிற்பதில்லை.

"போர்டுதானே மச்சான்?" என்றுதான் நீ கேட்பாய். இல்லை. அதற்காக நான் சொன்ன பவர் சப்ளையும் இல்லை. நீயும் தோற்றாய், நானும் தோற்றேன்.

உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், இந்தக் கடிதத்தை எட்டிப் படிப்பவர்களுக்காக. நாம் இருவரும் ஓசூரில் ஒரே கம்பெனியில் போர்டு சோதித்தவர்கள். வெளியே வந்து சேர்ந்தே கேம் மிஷின் ரிப்பேர் கடை போட்டோம். எந்த மிஷின் படுத்தாலும் நீ போர்டு என்பாய், நான் பவர் என்பேன். சண்டை முற்றி, நீ ஜூஜுவாடிக்குப் போய்த் தனிக்கடை வைத்தாய். அதற்குப் பிறகுதான் நாம் உண்மையான நண்பர்கள் ஆனோம், இல்லையா? ஞாயிறு பூசை முடிந்து உன் வீட்டில் சாப்பிடும்போதுகூடக் குழம்பு ஆறும்வரை அதே சண்டை. தங்கை ரோஸ்லின் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டுவாள்.

அந்தச் சிவப்பு கார் பாதி ஆட்டத்தில் இருட்டாகிவிடும், தானே மறுபடி எழும். நீ போர்டை மாற்றினாய். நான் பவர் சப்ளையை மாற்றினேன். அது நிற்பதை விடவில்லை. அதற்குள் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழவே இல்லை.

அடக்கம் முடிந்த சில வாரங்களில் மத்தூரிலிருந்து உன் அப்பா வந்தார். பாசமாகத்தான் பேசினார். "கடைய ஒப்படைச்சிட்டு புள்ளைங்கள கூட்டிக்கினு ஊருக்கு வந்துடும்மா. தனியா ஒருத்தி ரோட்டு மேல கடை வெச்சிக்கினு என்னா பண்ணுவ?"

"அந்த ஒரு மிஷின முடிச்சிட்டு சொல்றன் மாமா," என்றாள் ரோஸ்லின். "அவரு கை வெச்சது பாதியில நிக்குது."

எல்லாரையும் 'குரு' என்று கூப்பிடும் ஹால் ஓனர் முனிராஜு கெட்டவர் இல்லை, அவர் பொறுமைக்கும் ஒரு அளவு உண்டு. "குரு, ஞாயித்துக்கெழம புது ஃப்ளோர் தொறக்கறேன். அதுக்குள்ள இது சரி ஆகலன்னா எல்லா மிஷினையும் பெங்களூர்க்காரங்ககிட்ட குடுத்துடுவேன். தப்பா நெனைக்காதீங்க," என்றார். அந்த ஹால் போனால் ஜூஜுவாடிக் கடைக்கு வேறு பெரிய வேலை கிடையாது. இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலை இருவரும் போனோம். முன்பக்கக் கதவைக் கழற்றி மீட்டர் வைத்தேன். வோல்டேஜ் அசையவில்லை. நானே ஓட்டினேன், நிற்கவில்லை. சரி என்று கதவை மாட்டினால் மூன்றாவது வளைவில் இருட்டு. மறுபடி கழற்றினால் சமர்த்தாக ஓடுகிறது. மறுபடியும் ஒரு பவர் சப்ளை வரவழைக்கலாம் என்றேன்.

ரோஸ்லின் தரையில் உட்கார்ந்து மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன் அவள் வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை செய்தவள். "ணா, நிக்கறதெல்லாம் மூடி இருக்கறப்ப. நீங்க ரெண்டு பேரும் பாத்ததெல்லாம் தொறந்து வெச்சி. அப்புறம் கோளாறு எப்படி கையில மாட்டும்?"

அவளே மீட்டர் ஒயர்களை அடிச்சந்து வழியாக வெளியே இழுத்து, கதவை மூடி ஸ்குரூ போட்டாள். சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "இது எப்படி ஓட்டறது?" என்றாள்.

மாப்பிள்ளை, இத்தனை வருஷத்தில் அவளை ஒரு ஆட்டமாவது ஆடச் சொன்னோமா?

முதலில் சுவர் சுவராக மோதினாள். பிறகு கை பழகியது. ஜூஜுவாடி ஹைவேயில் லாரிகளுக்கு நடுவே தினமும் ஸ்கூட்டி ஓட்டுகிறவள் அல்லவா? உன் மனைவி அப்படிக் கத்தி நீ கேட்டிருக்க மாட்டாய். ஒரு வளைவில் ஸ்டியரிங்கை இடதுபக்கம் பிடுங்குவதுபோல் இழுத்தாள். மீட்டரில் வோல்டேஜ் விழுந்தது, திரை இருண்டது.

"ணா! லெஃப்ட்டு!"

மறுபடி ஓட்டினாள். வலதுபக்கம் எவ்வளவு இழுத்தாலும் ஒன்றுமில்லை. இடதுபக்கம் வேகமாக இழுத்தால் இருட்டு. கதவை ஒரு விரல் அளவு மட்டும் நகர்த்தி டார்ச் அடித்தோம். மூடும்போது கதவு ஒயர்க் கற்றையை ஸ்டியரிங்கின் இரும்புப் பட்டையோடு சேர்த்து அழுத்துகிறது. அங்கே ஒரு சிவப்பு ஒயரின் தோல் கடுகளவு உரிந்திருந்தது. இடதுபக்கம் இழுக்கும்போது பட்டை நகர்ந்து செம்பைத் தொடும், உடனே ஷார்ட். கதவைக் கழற்றினாலோ ஒயர் தளர்ந்து தொங்கிவிடும், குறையும் மறைந்துவிடும். நாம் திறந்த ஒவ்வொரு முறையும் நாமே அதை ஒளித்துவைத்திருக்கிறோம்!

நான் ஒயரைத் தொடப் போனேன். "நீ லைட்ட புடி," என்றாள். புது ஒயர் போட்டு, இரும்பு படாத வழியில் கற்றையைத் திருப்பிக் கட்டினாள். கதவை மூடி மறுபடி ஓட்டினாள். ஆட்டம் முழுக்க ஓடியது, முதல் இடம் அவளுக்கு. ஹால் பையன்கள் விசில் அடித்தார்கள். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமலே அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு ஆட்டம் போடு," என்றாள்.

ஹால் பையன் ஒருவன் சொன்னான், கடைசியாக வந்த அன்று நீ கதவை மாட்டாமல் ஓரமாகச் சாய்த்துவிட்டு, "இப்படியே ஓடட்டும், பாக்கலாம்" என்றாயாம். மறுநாள் அவர்களே மாட்டிவிட்டார்களாம். உனக்கு ஏதாவது தட்டியதா? இல்லை, ஸ்குரூதான் காணாமல் போனதா? இதை நான் யாரிடம் கேட்பேன்?

ஞாயிற்றுக்கிழமை அந்தக் காருக்குத்தான் நீள வரிசை. முனிராஜு என்னிடம் வந்து, "எல்லா மிஷினும் நீங்களே பாத்துக்கங்க. காண்ட்ராக்ட உங்க பேர்ல எழுதட்டா?" என்றார். நான் வாய் திறக்குமுன், "என் பேர்ல எழுதுங்க," என்றாள் ரோஸ்லின். சத்தமில்லாமல், நிமிர்ந்து நின்று.

உன் அப்பாவும் வந்திருந்தார். மருமகள் கூப்பிட்டாள் என்று கூச்சத்தோடு சீட்டில் உட்கார்ந்து, "பிரேக் எங்கம்மா?" என்று கத்திக்கொண்டே மூன்று கார்களை இடித்தார். இறங்கி வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "கடை இருக்கட்டும்," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஆக, ஜூஜுவாடிக் கடை அவளுடையது. ஓசூர்க் கடை என்னுடையது. இரண்டையும் சேர்த்துவிடலாமே என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். மாட்டேன். உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன் மாப்பிள்ளை: பாவம் என்று ஒரு வேலையைக்கூட அவளுக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன். உன்னோடு எப்படிப் போட்டி போட்டேனோ, அப்படியே அவளோடும் போடுவேன். அவள் ஜெயித்தால் அது அவள் ஜெயித்ததாக இருக்கும்.

இந்த வாரம் இரண்டு வேலை என் கையைவிட்டு அவளிடம் போய்விட்டன.

பெருமையோடு தோற்றுக்கொண்டிருக்கும்
உன் மச்சான்,
ஆரோக்கியம்