நாவலூர் காருக்கு வந்த இன்னொரு பார்ட்டி

முடிச்சூர்,
வியாழக்கிழமை காலை

அன்பு மகன் ஹரிபிரசாத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே ஒரு முட்டி வலியும் ஒரு மூக்குச் சளியும் தவிர நாங்கள் இரண்டு பேரும் சுகம், கத்தாரில் நீயும் மருமகள் அனுப்பிரியாவும் பாப்பாவும் அதைவிடச் சுகமாய் இருக்க வேண்டும். என்னடா இவள் பேப்பரில் எழுதிப் போட்டோ பிடித்து வாட்ஸப்பில் அனுப்புகிறாளே என்று பார்க்காதே, டூட்டியில் நீ போனை லாக்கரில் வைத்துவிடுவாய், நான் வாய்ஸ் போட்டு வைத்தால் பக்கத்தில் இருக்கிற உங்கப்பா காதில் விழும், விழக் கூடாத விஷயம். பிழை இருந்தால் சிரித்துக்கொள், நான் படித்த லட்சணம் உனக்குத் தெரியும்.

தீபாவளி அன்று நீ போனில், உனக்கு எதுக்குப்பா இனிமே வண்டி, டாக்சி புக் பண்ணிக்கோ என்று சொன்னதிலிருந்து அவர் உன்னோடு பேசவில்லை, நீயும் வீம்பாய் இருக்கிறாய். ஆனால் பொங்கலுக்கு நீங்கள் வந்து இறங்கும்போது ஏர்போர்ட்டில் சொந்தக் காரோடு நிற்க வேண்டுமாம், என் பேத்திய எவன் டாக்சிலயும் ஏத்த மாட்டேன் என்கிறார். போன தடவை வந்தபோது நீ கற்றுக்கொடுத்த அதே பழைய கார் ஆப்பில், நீ சொன்ன மாதிரியே தாம்பரம் சுற்றுவட்டாரம், ஒரே ஓனர், கிளட்ச் இல்லாத வண்டி என்று தட்டித் தட்டி, நாவலூர் அபார்ட்மெண்டில் இருக்கிற ராஜகோபாலன் என்பவருடைய சாம்பல் நிறக் காரைப் பிடித்தார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட அப்படிப் பார்க்கவில்லை, அந்தக் கார் போட்டோவை அப்படிப் பார்க்கிறார். விலை படியப் போகிற நேரத்தில் இன்னொரு பார்ட்டி வந்துவிட்டது. இவர் ஏற்றினால் அது ஏற்றுகிறது, அது ஏற்றினால் இவர். சோறு இறங்கவில்லை மனுஷனுக்கு, யார்ரா அவன், கைல கெடச்சான்னா கீது அவனுக்கு என்று போனைப் பார்த்துத் திட்டுகிறார்.

இன்று காலை ராஜகோபாலன் ஸ்பீக்கரில் பேசினார். அந்தப் பையன் ஃபாரின்ல இருக்கான் சார், அவங்கப்பாவுக்கு வாங்குறான், அவருக்கு இடது முட்டி வலியாம், கிளட்ச் மிதிக்க முடியாதாம், பொங்கலுக்கு வந்து சாவிய கைல குடுக்கணுமாம், இப்ப டூட்டிக்குப் போறதுக்கு முன்னாடிகூட ஏத்திட்டுப் போயிருக்கான் என்றார். என் கையில் இருந்த கரண்டி கீழே விழுந்தது. உங்கப்பா இடது முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டே, பாத்தியா கிளி, எவனோ பெத்து வச்சிகினு கீறான் பாரு புள்ள, நம்மளுதும் ஒண்ணு கீதே என்றாரே பார்க்கணும். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வர, சளி என்று சொல்லி மூக்கைச் சிந்தினேன்.

ஏண்டா, ஊரில் இருக்கிற காரையெல்லாம் வடிகட்டத் தெரிந்த இரண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டுப் பேசத் தெரியாதா. விளையாட்டு இல்லை ஹரி, அந்தப் பார்ட்டியை ஜெயிக்க, உனக்கென்று விற்காமல் வைத்திருந்த கடைசி மனையை, ரொம்ப நாளாய் விலைக்குக் கேட்கிற கேளம்பாக்கம் லோகநாயகிக்குக் கொடுத்து இன்றைக்கே முன்பணம் வாங்கப் போகிறார். நான் உண்மையைச் சொன்னால், பையன் காசுல எனக்குக் காரா என்று முறுக்கிக்கொண்டு காரையும் விடுவார், உன்னையும் விடுவார். அதனால் சாப்பாட்டு நேரத்தில் இதைப் பார்த்ததும் அவருக்கு போன் போடு, எனக்கு வேண்டாம். டாக்சி என்று சொன்னதற்கு முதலில் மன்னிப்புக் கேள். அப்புறம், அந்தப் பார்ட்டி நான்தான்பா, ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கலாம் என்று நீ உன் வாயால் சொல்லு. திட்டுவார், வாங்கிக்கொள், திட்டிக்கொண்டாவது உன்னோடு பேசட்டும்.

பாப்பா மேல் ஏசி காற்று நேராகப் படாமல் பார்த்துக்கொள். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நல்லபடி வந்து சேர அந்த அம்மன் துணை இருப்பாள். உங்கப்பா சட்டை மாட்டிவிட்டார். ஸ்கூட்டர் சாவியை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்திருக்கிறேன். அவர் வீடு முழுக்கத் தேடுகிறார், நானும் கூடவே தேடிக்கொண்டிருக்கிறேன். சீக்கிரம் கூப்பிடு.

உன் அம்மா,
அ. கிளியம்மாள்