ஏலத்துக்கு வராத பால்சுறா

சார்,

இன்று நம் கல்லூரியில் உங்கள் படத்தைத் திறந்துவைத்தார்கள். விலங்கியல் துறையில், மீன்களைச் சீசாவில் அடைத்து வைத்திருக்கும் அந்த அறையில்தான் கூட்டம். கதவைத் திறந்ததும் ஃபார்மலின் நெடி முகத்தில் அடித்தது. உங்கள் சட்டையிலும் எப்போதும் அதுதான் வீசும். கடலைக் கரைத்துக் குடித்தவர் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். பழைய மாணவி என்று என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். மாட்டேன் என்று தலையாட்டினேன். இன்னும் அதே கூச்சம் என்று சிரித்தார்கள். கூச்சம் உண்மைதான். எழுந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ அதை இங்கே எழுதுகிறேன்.

நீங்கள் கடலை அறிந்தவர் இல்லை. உங்கள் செருப்பு நனைந்து நான் பார்த்ததே இல்லை.

கடைசி வருஷம் தொண்டிக் கரையில் எந்தெந்தச் சுறா வருகிறது என்று பதிவுசெய்ய எங்களைக் கூட்டிப் போனீர்கள். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்துவிட்டீர்கள். மீன் ஏலம் போடும் இடத்தில் எங்களை நிற்க வைத்தீர்கள். அந்த மணலில் வந்து கொட்டுவது எதுவோ, அதுதான் கடலில் இருப்பது. இதுதான் உங்கள் ஆராய்ச்சி முறை.

நான் அபிராமம் பக்கத்து மிளகாய்க் காட்டுக்காரர் வீட்டுப் பெண். அத்தனை ஆண்கள் கூச்சலிடும் ஏலத்தில் நிற்க எனக்குக் கால் கூசியது. மெல்ல நழுவி, வள்ளங்கள் கரை தட்டும் இடத்தில் பெண்களோடு போய் நின்றேன். அங்கேதான் பார்த்தேன். மீன் ஏலத்துக்குப் போகும் முன்பே ஒரு பெண் குட்டிச் சுறாக்களை மட்டும் பொறுக்கித் தன் சட்டியில் போட்டுக்கொண்டாள். வள்ளத்துக்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இது ஏலத்துக்கு வராதா அக்கா என்று நான்தான் கேட்டேன்.

"பால்சுறாவையா? எங்க மதினி பெத்துக் கெடக்கா. பச்ச ஒடம்புக்காரிக்கு உள்ளத வித்தா ஊரு காறித் துப்பும்த்தா" என்றாள்.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற அதைப் புட்டு வைத்துக் கொடுப்பார்களாம். அதனால் அந்தக் குட்டிகளுக்கு அங்கே விலை கிடையாது. யார் வீட்டில் பிரசவமோ அந்த வீட்டுக்குப் போய்விடும். ஓடிவந்து உங்களிடம் சொன்னேன். மூன்று வருஷத்தில் நானாக வாய் திறந்து உங்களிடம் பேசியது அன்றைக்குத்தான்.

"நீ மீனப் பாக்க வந்தியா, பிரசவம் பாக்க வந்தியா?" என்றீர்கள். பையன்கள் சிரித்தார்கள். பரீட்சை முடியும்வரை எனக்கு மருத்துவச்சி என்று பேர். இதெல்லாம் அறிவியல் இல்லை, ஊர்க்கதை என்றும் சொன்னீர்கள். அப்புறம், குட்டிச் சுறாக்கள் இந்தக் கரையை விட்டே போய்விட்டன என்று கட்டுரை எழுதினீர்கள். நீங்கள் அதைப் படித்துக் காட்டிய நாளிலும் அவை தொண்டி வீடுகளின் அடுப்பில் புட்டாகிக்கொண்டிருந்திருக்கும்.

மீனைத் தெரிந்துகொள்ள மனிதர்களைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான். மதுரையில் சமூகவியல் படிக்கப் போகிறேன் என்றதும் உங்களுக்கு அவமானமாகிவிட்டது. முதல் வகுப்பில் தேறுகிற பெண் உங்கள் துறையை விட்டுப் போவதா என்று. என்னைப் பெற்ற அய்யாவைக் கூப்பிட்டு அனுப்பினீர்கள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான். வாத்தியார் சொல் அய்யாவுக்குச் சாமி சொல். அவர் வேண்டாம் என்றால் என் படிப்பு அத்தோடு சரி, அடுத்தது மாப்பிள்ளை பார்ப்பதுதான்.

அது உங்களுக்கும் தெரியும். தெரிந்தேதான் பேசினீர்கள்.

உங்கள் அறையில் எதிரே இரண்டு நாற்காலி காலியாகக் கிடந்தது. அய்யா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். உட்காரச் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. சயின்ஸ் வராததுகள் போய் ஒதுங்குகிற இடம் அது, உங்கள் பெண் கெட்டுப்போகிறாள் என்றீர்கள். எல்லாவற்றுக்கும் அய்யா சரிங்க சரிங்க என்றார். கதவோரம் நின்ற எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்றே பட்டது.

பஸ் ஸ்டாண்டில் அபிராமம் பஸ்ஸுக்கு நிற்கையில் அய்யா கேட்டார்: "அந்தாளு என்னைய நிக்க வச்சேல்ல பேசுனாரு. ஏத்தா, நீ போறேங்கிற படிப்புல வந்த ஆள உக்காரச் சொல்லிக் குடுப்பாகளா?"

"குடுப்பாக அய்யா" என்றேன். எனக்கு எங்கே தெரியும்.

"அப்ப அதையே படி."

போய்ப் பார்த்ததில் அங்கேயும் உங்கள் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் கைக்குட்டை வைத்துக்கொள்வதில்லை, கலைச்சொற்களை வைத்துக்கொள்கிறார்கள். ஊருக்குள் வராமலே ஊரைப் பற்றி எழுதுகிறார்கள். முதல் கருத்தரங்கில் அதில் ஒருவர் பேசியதைக் கேட்டபோது, உங்கள் துறையை விட்டு வந்தேனே ஒழிய உங்களை விட்டு வரவில்லை என்று புரிந்தது.

இறந்தவர்மேல் கோபம் தணிந்துவிடும் என்கிறார்கள். எனக்குக் கோபம் இல்லை சார், இளக்காரம்தான். அது தணியவில்லை. தணியவும் வேண்டாம். இன்றைக்கும் ஒரு கரைக்குப் போனால் வள்ளம் வருமுன் நான் போய் நிற்கிறேன். சோம்பலாக இருக்கும் நாட்களில், டீக்கடை பெஞ்சில் கால்மேல் கால் போட்டிருந்த உங்களை நினைத்துக்கொள்வேன். உடனே எழுந்து தண்ணீருக்குள் இறங்கிவிடுவேன்.