மஞ்சள் தண்ணீர் பட்ட டிராக்டர்

அன்புள்ள அப்பாவுக்கு,

டிராக்டரின் அடியில் மஞ்சளாக ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்ததைத்தான் நான் முதலில் பார்த்தேன். அதைச் சொல்வதற்கு முன், சுங்கை பினாங்கில் நானும் அம்மாவும் நலம், வேலைக்குப் போன மீரியில் உங்களுக்குக் காய்ச்சல் விட்டதா என்று தெரியப்படுத்துங்கள். போனில் நான் "ம்" மட்டும்தான் சொல்கிறேன் என்று வருத்தப்பட்டீர்களே, அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

நேற்று நம் அம்மன் கோயில் ரத ஊர்வலம், நீங்கள் இல்லாமல் நடந்த முதல் ஊர்வலம். கைப்பிடி சுற்றிக் கிளப்பும் நம் பழைய டிராக்டர் இந்த வருஷம் கிளம்பாவிட்டால் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, ரதம் இழுக்க லோரி வைத்துக்கொள்ளலாம் என்று கோயில் தலைவர் வேலு மாமா கூட்டத்தில் சொல்லியிருந்தார். நீங்கள் கவலைப்படுவீர்கள் என்று அம்மா உங்களிடம் சொல்லவில்லை. காலையில் அம்மாதான் வண்டியைத் துடைத்தார்கள். என்ஜினுக்குப் பொறி தரும் மேக்னெட்டோமேல் ஈரம் படாமல் நீங்கள் கட்டி வைத்திருந்த ரப்பர் டியூப் துண்டு நல்ல நாளில் அசிங்கமாகத் தெரிகிறது என்று அவிழ்த்துவிட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, உங்கள் பெயரைச் சொல்லி ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை மேலே ஊற்றியிருக்கிறார்கள். நான் அப்போது ருக்குமணி அக்காவின் சலூனில் வேலையாக இருந்தேன்.

சாயங்காலம் அண்ணன்மார்கள் மாற்றி மாற்றிச் சுற்றினார்கள், வண்டி அசையவில்லை. ஒருவர் "பேட்டரி வீக்லா" என்றதும் இன்னொருவர் "இதுக்கு பேட்டரியே கிடையாதுலா, நீதான் வீக்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வேலு மாமா சிரிக்காமல் லோரிக்காரருக்குப் போன் போட்டுவிட்டார். அப்போதுதான் அந்தச் சொட்டைப் பார்த்தேன். மேக்னெட்டோவுக்குள் தண்ணீர் போயிருந்தால் பொறி எப்படி வரும்? பக்கத்திலேயே அம்மா கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். சத்தமாகச் சொன்னால் பழி அம்மாமேல் விழும், சொல்லாவிட்டால் வண்டி போய்விடும். ருக்குமணி அக்காவின் காதில் "ஹேர் டிரையர் வேணும்க்கா" என்றேன். "யாருக்குடி மேக்கப், அம்மனுக்கா?" என்றார். "டிராக்டருக்கு" என்றேன். அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் சாலையைக் கடந்து ஓடி, எடுத்து வந்து, கோயில் விளக்கு ஒயரிலிருந்து கரண்டும் வாங்கிக் கொடுத்தார். அந்த அக்காவை நான் மறக்கவே மாட்டேன்.

மேக்னெட்டோ மூடியைக் கழற்றி, உள்ளே துணியால் ஒற்றி, மெதுவான சூட்டில் காயவைத்தேன். "தங்கச்சி, ஸ்ட்ரெயிட்டனிங்கும் உண்டா?" என்று பின்னாலிருந்து கிண்டல். காதெல்லாம் சூடாகிவிட்டது. வேலு மாமா என்ன கோளாறு என்று கேட்டதற்கு "ஈரம் கோத்துக்கிச்சு மாமா, பழைய வண்டிதானே" என்று மட்டும் சொன்னேன். பிறகு மூடியைத் திரும்ப மாட்டி, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்து, பொறி சற்றுத் தாமதமாக விழ ஸ்பார்க் லீவரைப் பின்னால் தள்ளி, சோக்கை இழுத்தேன். கைப்பிடி எதிர்த்து உதைத்தால் கை தப்பவேண்டுமே என்று கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துக்கொண்டு, கீழிருந்து மேலே இழுத்தேன். முதலில் 'டக்' என்றது. அடுத்து இருமியது. அதற்கடுத்த இழுப்பில் உங்கள் டிராக்டர் பேசிவிட்டது அப்பா. அம்மா அழுதுகொண்டே எல்லாரிடமும், "அவரு பேரைச் சொல்லித் தண்ணி ஊத்துனேன்ல, அதான்" என்றார்கள். நான் சோக்கைத் தள்ளி, ஸ்பார்க் லீவரை முன்னால் நகர்த்தினேன்.

இதெல்லாம் நீங்கள் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆனால் பெட்ரோல் கேனோடு பக்கத்தில் நின்ற என்னை, பொம்பளப் பிள்ளை தள்ளிப் போ என்று ஒரு நாளும் விரட்டியதில்லை. பள்ளியை விட்டபோதும் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. நேற்று கைப்பிடியைப் பிடித்தபோது அதையெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள், வெறும் வயிற்றில் கோப்பி வேண்டாம். அம்மன் உங்களுக்குத் துணையிருப்பாள். மஞ்சள் தண்ணீர் விஷயத்தை மட்டும் அம்மாவிடம் கேட்டுவிடாதீர்கள். நம் டிராக்டரே இழுத்துப்போன ரதம் திரும்பி வந்ததும் வேலு மாமா, "இரும்புக்கடைப் பேச்சை விடு, அடுத்த வருஷமும் நீயே வந்துருலா" என்றார். பெட்ரோல் குழாயை மூடி, வண்டி தானாக அடங்கும்வரை நின்று, அந்த டியூப் துண்டைத் தேடி எடுத்து மேக்னெட்டோமேல் மறுபடி கட்டிவிட்டு வந்தேன்.

உங்கள் மகள்,
பிரமிளா