கல்லில் இல்லாத கொல்லன்

உங்கள் தகப்பனாரின் கல்லறையில் பொய்யை வெட்டுவித்தவன் நான். அந்தப் பிழையைக் கல் வெட்டியவரின் தலையில் போட்டவனும் நான்தான். நீங்கள் அதை நம்பிக்கொண்டே போனீர்களா, நம்பியதுபோல் காட்டிக்கொண்டு போனீர்களா என்பது எனக்குத் தெரியாது.

இன்று காலை என் பீங்கான் கோப்பை கைதவறி விழுந்து உடைந்தது. அலுமாரியில் மிஞ்சியிருந்தது உங்கள் தகப்பனாரின் எனாமல் கோப்பை மட்டும். உங்கள் செத்த வீட்டுக்குப் பிறகு எடுத்து வந்து, நாலு வருடங்களாக வாய் வைக்காமல் வைத்திருந்தது. பிடி கழன்றபோது அவரே இரும்பில் புதுப்பிடி செய்து பொருத்திய கோப்பை. தேநீரை ஊற்றினேன். குடிக்க முடியவில்லை. எழுத உட்கார்ந்தேன்.

லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் உங்கள் வீட்டு மேல் அறைக்கு நான் வாடகைக்கு வந்த முதல் நாள் நீங்கள் தேநீர் தந்தது இந்தக் கோப்பையில்தான். "அப்பாவின்ர கோப்பை. உடையாது. பயப்பிடாமல் பிடியும்" என்றீர்கள். உங்கள் ஆங்கிலத்தை நான் எப்போதும் எங்கள் பேச்சாகவே மனதுக்குள் கேட்டேன். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

நமக்குள் சண்டைகள் இருந்தன. கருவாடு பொரித்ததற்காக மூன்று நாள் என்னோடு பேசாமல் இருந்தீர்கள். அது அநியாயம் என்றுதான் இன்றும் சொல்வேன். உங்கள் பூனை என் வேட்டியில் குட்டி போட்டதற்கு நீங்கள் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. அதையும் நான் மறக்கவில்லை. ஆனால் இந்தக் கடிதம் அந்தக் கணக்குகளுக்கானது அல்ல.

வந்த ஐந்தாம் மாதம், ஒரு பின்னேரம், தெருவில் போன பெடியள் என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டு உங்கள் முன் யன்னலுக்குக் கல்லெறிந்தார்கள். நான் கொதித்துப்போய் வெளியே ஓடினேன். நீங்கள் தும்புத்தடியை எடுத்துவந்து, பாதிப் பார்வையோடு நிலத்தைக் கூட்டத் தொடங்கினீர்கள்.

"விடும். எனக்கு இது ரெண்டாந்தரம்" என்றீர்கள்.

கூட்டியபடியே சொன்னீர்கள். உங்கள் தகப்பனார் ஜெர்மனியில் ஒரு சிற்றூரில் கொல்லுவேலை பழகி, ஊர் ஊராக நடந்து, கப்பலேறி லண்டன் வந்தவர். ரயில் பாதை வளைவுக்குக் கீழே பட்டறை போட்டார். உங்கள் தாய் சலவைக்கூடத்தில் வேலை செய்தவர். பிடி உடைந்த ஸ்திரிப்பெட்டியைக் கொண்டுபோனார். மூன்று முறை ஒட்டியும் மூன்று முறையும் கழன்றது.

"இவ்வளவு மோசமான கொல்லனோ எண்டு அம்மா நினைச்சவவாம். கெட்டிக்காரன் எண்டு கலியாணத்துக்குப் பிறகுதான் தெரிஞ்சதாம்."

பிறகு முதலாம் உலகப் போர். உங்களுக்கு ஆறு வயது. தெருச்சனம் திரண்டு வந்து பட்டறையை உடைத்தது. அவரிடம் தங்கள் குதிரைக்கு லாடம் அடிப்பித்தவர்களும் அதில் இருந்தார்கள். எல்லாவற்றையும் அள்ளிப் போனவர்களால் பட்டடைக்கல்லை, இரும்பை வைத்து அடிக்கும் அந்தக் கனத்த இரும்புக்கட்டியை, மட்டும் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. நடுத்தெருவரை இழுத்துவந்து போட்டுவிட்டுப் போனார்கள். உங்கள் தாய் உங்களை மடியில் வைத்துக்கொண்டு பொழுதுபடுமட்டும் அந்த இரும்பின் மேல் உட்கார்ந்திருந்தார்.

தகப்பனாரைத் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். ஜெர்மன்காரரைக் கட்டியதால், லண்டனிலேயே பிறந்த உங்கள் தாயும் சட்டப்படி அந்நியர் ஆனார். பிறந்த ஊரில் பொலிசுக்குப் போய்ப் பதிந்தார். உங்களைத் தன் குடும்பப் பெயரில் பள்ளிக்கூடம் சேர்த்தார். போர் முடிந்து தகப்பனார் திரும்பி வந்தபோது அந்த வீட்டில் அவர் பெயரில் ஒருவரும் இல்லை. அவரும் அந்தப் பெயரைப் பிறகு சொல்லவில்லை.

"எங்கட பேருக்கு ஜெர்மன் பாஷையில கொல்லன் எண்டுதான் அர்த்தம். பேரைப் பறிச்சுப்போட்டாங்கள். தொழிலைப் பறிக்க ஏலாமல் போச்சுது" என்றீர்கள். எவ்வளவு பெருமை உங்கள் முகத்தில்!

மறுநாள் நான் கிறீன் ஸ்ட்ரீட்டுக்குப் போய் எனக்கென்று ஒரு பீங்கான் கோப்பை வாங்கி வந்தேன்.

நீங்கள் சந்தோஷப்பட்டீர்கள். "சொந்தக் கோப்பை வாங்கிட்டீர். இனி இது உம்மட வீடு" என்றீர்கள். உண்மை வேறு. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்குக் கத்தியும் மண்வெட்டியும் அடித்துத் தந்த கொல்லருக்கு, பின்பக்கக் கூரை இறப்பில் ஒரு தனித் தகரப் பேணி செருகி வைத்திருந்தோம். அதில்தான் அவருக்குத் தண்ணீர். கொல்லரின் பாத்திரத்தில் எங்கள் வாய் படுவது என்ற பேச்சே இல்லை. கடல் கடந்து, அகதியாகி, கல்லெறி வாங்கிய பிறகும், அந்தப் பேணி எனக்குள் செருகித்தான் இருந்தது. இந்த ஊர் என்னை ஆளாக மதிக்கவில்லை என்று நாள் முழுக்கப் பொருமிக்கொண்டிருந்தவன், உங்கள் வீட்டுக்குள்ளேயே கோப்பையைப் பிரித்து வைத்தேன்.

பிறகு நோர்பரியில் இருந்து என் அக்கா வந்தா. நீங்கள் சமையலறையில் கேக் வெட்டிக்கொண்டிருக்க, சாதியை அறிய என் காதுக்குள் கேட்டா.

"டேய் தம்பி, மனுசி என்ன ஆக்கள்?"

"வெள்ளைக்காரருக்கு அது எங்க அக்கா?"

"எல்லாருக்கும் இருக்கும். தேப்பன் என்ன செய்தவர்?"

"எஞ்சினியர்" என்றேன்.

"அதுதானே பாத்தன். கதிரையில இருக்கிற விதத்திலேயே தெரியுது" என்று சொல்லி அக்கா இரண்டு துண்டு கேக் தின்றா. அதற்குப் பிறகு வருடத்துக்கு நாலு தரம் வந்தா. உங்களுக்கும் அவவைப் பிடித்துப்போனது.

உங்கள் கடைசி வருடம், தாய் தகப்பனின் புதைகுழியில் இலக்கத் தகடு மட்டும்தான் இருக்கிறது, ஒரு கல் வைக்க வேண்டும் என்றீர்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டு, அகராதியையும் பேப்பரையும் வைத்து நானாகவே ஆங்கிலம் படித்தவன் நான். என் எழுத்தை மதித்தது இந்த லண்டனில் நீங்கள் ஒருவர்தான். கல்வெட்டுபவருக்கு அனுப்ப வேண்டியதை என்னிடம் சொன்னீர்கள். இரண்டு பேரின் முதற்பெயர். தாயின் குடும்பப் பெயர். தகப்பனின் பெயருக்குக் கீழே, கொல்லன்.

"ஜெர்மன் பேரையே போடுவமே?" என்று கேட்டேன்.

"கண்ணாடி உடைக்கிற ஆக்கள் இன்னும் இருக்கினம். கொல்லன் எண்டு போடும். அதுதான் அவர்ட பேர். எனக்கும் உமக்கும் தெரிஞ்சாக் காணும்."

எனக்குத் தெரிந்திருந்தது. அதைத்தான் சொல்ல வேண்டும். அந்தச் சொல்தான் அவருடைய பெயர் என்று தெரிந்துகொண்டே, கல் நாட்டும் நாளுக்கு அக்கா பூ கொண்டு வருவா, வாசிப்பா என்பதற்காக, எஞ்சினியர் என்று எழுதி அனுப்பினேன்.

அன்று அக்கா வாசித்துத் தலையாட்டினா. அவ பூவுக்குத் தண்ணீர் எடுக்கப் போன நேரம், நீங்கள் குனிந்து கல்லை விரலால் தடவினீர்கள். ஒவ்வொரு எழுத்தாக. தாயின் பெயரில் விரல் நின்றது, பிறகு நகர்ந்தது. அந்தச் சொல்லுக்கு வந்ததும் திரும்பவும் முதலில் இருந்து தடவினீர்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இது வேற சொல்லு."

"கல்லு வெட்டினவன்ர பிழை" என்றேன். நா தடுமாறவில்லை.

"பாவம், அவனைப் பேசாதேயும். கையால வேலை செய்யிறவனுக்குப் பிழை வரும்" என்றீர்கள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டீர்கள். "நீரும் பயந்திட்டீரோ?"

நான் கையை விடுவித்துக்கொண்டு, அக்கா போன பக்கம் பார்த்தேன். உங்கள் தாய் பயத்தில் பெயரை மறைத்தார். அவருக்குப் பின்னால் ஒரு கூட்டம் கல்லோடு நின்றது. எனக்குப் பின்னால் நின்றது கேக் தின்ற அக்கா மட்டும்தான். அதைப் பயம் என்று சொன்னால் உங்கள் தாய்க்கு அவமரியாதை. அதற்குப் பிறகு ஏழு கிழமையில், இரண்டு மாதம் முடியுமுன், நீங்கள் போய்விட்டீர்கள்.

மன்னிப்புக் கேட்டு முடித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. அது சுலபம். செய்ய வேண்டியதை எழுதி வைக்கிறேன்.

கல்வெட்டுபவரிடம் நேரே போய், பிழை உம்முடையதல்ல, என்னுடையது என்று முதலில் சொல்ல வேண்டியது நான். ஞாயிற்றுக்கிழமை நோர்பரிக்குப் போய், அக்கா தேநீர் ஊற்றும் முன்னரே, நாங்கள் இருந்து தின்றது கொல்லர் வீட்டில் என்று சொல்ல வேண்டியதும் நான்தான். அதற்குப் பிறகு என்னோடு பேசுவதா விடுவதா என்று முடிவெடுக்க வேண்டியது அக்கா. மேசையில் ஆறிக்கொண்டிருக்கும் இந்தத் தேநீரை, இந்தக் கோப்பையிலேயே, குடித்து முடிக்க வேண்டியது நான். அந்தச் சொல்லை உரசி எடுத்துவிட்டு கொல்லன் என்று வெட்ட வேண்டியது கல்வெட்டுபவர். எழுத்து விரல் புகும் ஆழத்தில் இருக்க வேண்டும். அதுவும் அவர் பொறுப்பு. வெட்டி முடிந்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு தடவி, ஒவ்வொரு எழுத்தாக வாசிக்க வேண்டியது நான்.